காற்புள்ளி தாங்காது

புதன்கிழமை மாலை ஆறரை,
கிரிம்ஸ்பி மீன் ஆலையின் மாடி அறை.
கையுறை கழற்றிய பன்னிரண்டு பேருக்கும் முன்னால்
காட் மீனின் வாடை வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்துவிடும்.
எந்த சோப்புக்கும் அது எழுந்து போகாது.

பலகையில் எழுதுகிறேன்:
இரண்டு வாக்கியங்கள்.
தனித்தனியே நிற்கத் தெம்புள்ளவை.
ஆளுக்கொரு எழுவாய், ஆளுக்கொரு பயனிலை,
யாருக்கும் வாடகை பாக்கி வைக்காத
இரண்டு குடித்தனங்கள்.
நடுச்சுவரில் கதவு வைக்க ஆங்கிலத்தில்
ஏழே ஏழு சொற்கள்.
அதிலும் 'ஃபார்' புழக்கத்தில் இல்லை,
'நார்' பரீட்சைக்கு மட்டும் தலைகாட்டும்.
மிச்சம் ஐந்தை வைத்துத்தான்
இந்த ஊரே பேசி முடிக்கிறது.

வெறும் காற்புள்ளியால் ஒட்டாதீர்கள்,
அது தாங்காது என்றேன்.
"கீழே ஃபோர்க்லிஃப்ட் கைப்பிடியை
டேப் சுற்றித்தானே ஓட்டுகிறோம்," என்றான் ரெப்வார்.
"தாங்குகிறதே."

டைவா லிதுவேனியக்காரி.
எட்டு வருடமாகக் கத்தி பிடிக்கிறவள்.
அவள் தாளில் இருந்தது:
நான் மீன் வெட்டுகிறேன், அண்ட் நான் மீன் சாப்பிடுவதில்லை.

சிவப்புப் பேனா தானாகவே போய்
'அண்ட்'டை அடித்து 'பட்' என்று எழுதியது.
அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.
"எதற்கு பட்?
பட் என்றால் யாராவது ஆச்சரியப்பட வேண்டும்.
இங்கே யார் ஆச்சரியப்படுகிறார்கள்?
வெட்டுகிறேன்.
சாப்பிடுவதில்லை.
இரண்டும் தினமும் நடக்கிறது."

வகுப்பு கட்சி கட்டியது.
'ஸோ' என்றாள் செம்ஹர்,
வெட்டுவதால்தானே தொண்டையில் இறங்கவில்லை,
எனக்குக் கனவில்கூடச் செதில்.
'யெட்' என்றான் ரெப்வார்,
அன்றைக்குத்தான் கைக்கு வந்த சொல்,
எங்கேயாவது செலவழித்தாக வேண்டும் அவனுக்கு.
ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டைவா வந்து நின்றாள்,
எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை.
அண்டில் நின்றவள் மட்டும்
கைகளைக் கட்டிக்கொண்டு முறைத்தாள்.
அவள்தான் இவள்.
என் திருத்தத்தை நானே அடித்தேன்.

கிளீதார்ப்ஸ் போகும் கடைசிப் பேருந்துக்கு முந்தையதில்
பையைத் திறந்தேன்.
இன்வர்னெஸ்ஸிலிருந்து என் தங்கை ப்ரையனி எழுதிய அட்டை:
அப்பாவின் வீடு விலைபோய்விட்டது.
மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் சுமக்கிறேன்.
பதிலோ மொத்தமே இரண்டு வரி.
கடைசிவரை நீ அவருடன் இருந்தாய்.
நான் வரவில்லை.

இணைத்துப் பார்த்தேன்.
'பட்' போட்டால்
ஆச்சரியப்பட ஓர் ஆள் வேண்டும்,
ப்ரையனி என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டது
பன்னிரண்டு வயதில் நின்றுபோயிற்று.
'ஸோ' போட்டேன்.
நீ இருந்தாய், ஆகவே நான் வரவில்லை.
அது பொய்யாக இருந்திருந்தால்
இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.
டைவாவின் 'அண்ட்'டை இரவல் கேட்டேன்.
தோளில் நிற்கவில்லை.
அவள் அதற்கு எட்டு வருடம் கொடுத்திருக்கிறாள்,
நான் ஒரு வாரயிறுதியைக்கூட ஒதுக்கவில்லை.

நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன்.
கடல் இருக்கும் பக்கம் இருட்டு.
மீன் பொரிக்கும் கடை வெளிச்சத்தில்
அட்டையைச் சுவரோடு வைத்து எழுதினேன்,
இரண்டு வாக்கியங்களையும்,
நடுவில் வெறும் காற்புள்ளியையும்.
என் மாணவர் யாராவது செய்திருந்தால்
அரை மதிப்பெண் போயிருக்கும்.

ப்ரையனி பள்ளியிலேயே
என்னைவிட இலக்கணம் நன்றாக எழுதுவாள்.
அந்த இடத்தில் எந்தச் சொல் என்று
அவளுக்குத் தெரியும்.
திருத்தி அனுப்பட்டும்.